ஆயிரத்து ஒன்று போட்டது யார்?

மச்சான்,

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை உன் கடைக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பேனர் மையின் வாசனை குப்பென்று எழுந்தது. உள்ளே விசிறியின் இறக்கைகளில் கறுப்பாகப் படிந்திருந்ததில் பாதி, நீ அச்சடித்த தலைவர்களின் மீசையாகத்தான் இருக்க வேண்டும். நாவலூரில், எட்டாவது மாடியில், ஏசி ஓடுகிற ஹாலில், திடீரென்று புதுப்பட்டினம் கடைத்தெரு. சமையலறையிலிருந்து உன் தங்கை கரண்டியோடு வந்து நின்றாள். "அண்ணன் உள்ள வந்த மாரி கீது" என்றாள். பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டி, "வெளிய எட்த்துகினு போயி தொடைங்க, சோத்து மேல தூசு பறக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கம்ப்யூட்டரை அனுப்பியது ஸ்டெல்லா. உன்னிடம் பத்து வருடத்துக்கு மேல் டிசைன் வேலை பார்த்தவள், நீ போன பிறகு கடையை அவள்தான் நடத்துகிறாள். "சார், லினக்ஸ்ல புது ஸ்டேபிள் வந்துட்ச்சாம். பழசுக்கு இனிமே அப்டேட் கெடையாதாம். ஏத்திக் குடுங்க. ஆனா அண்ணன் வச்ச கலவ மட்டும் கலையக் கூடாது" என்று போனில் சொன்னாள். அந்தக் கலவையில் நான் ஒரு காரியம் செய்தேன். அது உனக்குத் தெரியாது என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்டதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நமக்குள் மச்சான் என்ற சொல் முதலில் வந்தது, உறவு பிறகுதான் வந்தது. செங்கல்பட்டில் கல்லூரியில் படித்தபோது ஒரே பெஞ்சு. லேபில் எந்த சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்தாலும் அன்றைக்கே ஏற்றிப் பார்க்காவிட்டால் உனக்குக் கை அரிக்கும். காலையில் ஒரு கம்ப்யூட்டரை மல்லாத்துவாய், மதியம் அடுத்ததற்கு நகர்வாய். வருட முடிவில் அந்த லேபில் ஒழுங்காக ஓடியவை நான் உட்காரும் வரிசையில் இருந்த நான்குதான். லேப் அசிஸ்டென்ட் என்னைக் காட்டி, "அந்தப் பையன் எதையும் தொட மாட்டான், அதனால எதுவும் கெடாது" என்று சொல்வார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன்.

படிப்பு முடிந்ததும் நான் நாவலூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். நீ புதுப்பட்டினத்தில் பேனர் கடை போட்டாய். அணுமின் நிலைய டவுன்ஷிப் ஆபீசர்களின் ரிட்டயர்மென்ட் விழா, படகு இறக்கும் பூஜை, மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல்களுக்கு மீன் படம் போட்ட போர்டு என்று எல்லாம் உன் கடையில்தான். உன் தங்கையைப் பெண் கேட்டு நாங்கள் வந்த அன்று உன் பெரியப்பா ஏகாம்பரம் வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "மாப்ள இன்னா வேல பாக்குறாரு?" நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "கீறத கீறபடியே வச்சிக்கிற வேல, பெரிப்பா." அவர் அதில் மிகுந்த திருப்தியடைந்தார். கல்யாணம் முடிவானது.

உன் கடையில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தது நான்தான். ஸ்டேபிள் பதிப்பு. அதாவது எல்லா சாஃப்ட்வேரையும் ஆற அமரச் சோதித்துப் பார்த்து, இனி உதைக்காது என்று உறுதியான பிறகு வெளியே விடுவது. அதனால் அதில் இருப்பதெல்லாம் கொஞ்சம் பழசு. பக்கத்திலேயே டெஸ்டிங் என்று இன்னொரு கிடங்கு உண்டு. அதில் புதுச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கும், சில நேரம் உடைந்தும் இறங்கும். லினக்ஸுக்குள் இருக்கிற பேக்கேஜ் மேனேஜர் என்கிற ஆள் நாம் சொல்கிற கிடங்கிலிருந்து சரக்கை எடுத்து வந்து வைப்பான். நான் அவனுக்கு ஸ்டேபிள் கிடங்கின் விலாசத்தை மட்டும்தான் கொடுத்திருந்தேன்.

"இன்னா மச்சான், ரெண்டு வர்ச பழசுல்லாம் வச்சிகினு நான் எப்டி பொயக்கிறது?" என்று முதல் மாதமே ஆரம்பித்தாய்.

"மீன் கொழம்பு மறுநாள்தான் ருசி மச்சான். ஸ்டேபிள் அந்த மாரி" என்றேன்.

நீ யோசித்தாய். யோசிக்கும்போது மூக்கைச் சொறிவாய். "கொழம்பு நேத்துதா இர்க்கட்டும். மீனு இன்னிக்கி புட்ச்சதா போடக் கூடாதா?"

எங்கள் கம்பெனியில் இதே விஷயத்தை விளக்க ஒரு மணி நேரம் படம் காட்டுவார்கள். நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். அன்றைக்கு நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

உனக்கு நிஜமாகவே இரண்டும் தேவைப்பட்டன. செங்கல்பட்டில் கடையை மூடிய ஒருவரிடமிருந்து நீ வாங்கிய பேனர் பிரிண்டர் பழைய ஸ்டேபிளோடு மட்டும்தான் பேசும். புதிய சிஸ்டத்தைக் கண்டால் காகிதத்தை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். ஆனால் டிசைன் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பில் ஒரு வசதி வந்திருந்தது. போட்டோவில் ஆளைத் தொட்டால் பின்னணி தானாகக் கழன்றுவிடும். பழையதில் ஒவ்வொரு தலைமுடியாக மவுசால் சுற்றி வர வேண்டும். முகூர்த்த நாட்களில் நீயும் ஸ்டெல்லாவும் மாப்பிள்ளைகளின் தலைமுடியைச் சுற்றிச் சுற்றியே கண் சிவந்து கிடந்தீர்கள்.

கடைசியில் இரண்டையும் கலக்கிற இந்தக் கலவைக்கு நான் இறங்கி வந்தேன். இரண்டு கிடங்கின் விலாசத்தையும் கொடுத்து, யாருக்கு எவ்வளவு முன்னுரிமை என்று எண் எழுதி வைக்கிற கோப்பைத் திறந்தேன். ஸ்டேபிளுக்குத் தொள்ளாயிரம், டெஸ்டிங்குக்கு நூறு. எல்லாச் சரக்கும் ஸ்டேபிளிலிருந்து வரும். நாம் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் டெஸ்டிங்கிலிருந்து ஒன்று வரும். நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே நீ ஸ்டெல்லா பக்கம் திரும்பி உன் பாஷையில் சொல்லிக் கொடுத்துவிட்டாய்: "பேனர்ல பெரிப்பா படம் பெருசு, ஓரமா கட்சிக்கார பையன் படம் சிறுசு போட்றமே, அதாம்மா இது. பெரிப்பா சொல்றதுதான் நடக்கும். ஆனா டான்ஸ் ஆட்றதுக்கு மட்டும் பையன கூப்டுக்கலாம்."

சொந்தக்காரர்களின் படங்களை யார் மனமும் நோகாமல் பேனரில் வரிசைப்படுத்துவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் அந்தக் கோப்பு உனக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எதை ஏற்றினாலும், எது வரப்போகிறது எது போகப்போகிறது என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் காட்டும். அதைப் படித்த பிறகே சரி என்பதற்கு ஒய் அடிக்க வேண்டும். அதை உன் கையாலேயே ஸ்டிக்கராக அடிக்கவைத்து உன் மானிட்டரின் மேல்விளிம்பில் ஒட்டினேன்: 'படித்துவிட்டு ஒய் அடி.' மஞ்சள் நிறம், சிவப்பு எழுத்து. வந்து போகிறவர்கள் எல்லாம் அது ஏதோ பொன்மொழி என்று நினைத்தார்கள்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு என் மகள் யாழினிக்குக் காது குத்து வந்தது.

கடப்பாக்கத்தில் குலதெய்வக் கோயில், ஞாயிற்றுக்கிழமை காலை. நீதான் தாய்மாமன், உன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அதோடு ஊருக்கெல்லாம் பேனர் அடிக்கிற தாய்மாமன். உன் மருமகளுக்கு எப்படி அடிக்கப்போகிறாய் என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வாரம் உழைத்தாய். நாற்பத்திரண்டு சொந்தக்காரர்கள், நாற்பத்திரண்டு பேருக்கும் பின்னணி கழற்றி, யார் தோளில் யார் கை என்பது வரைக்கும் பேசி முடித்து, நடுவில் யாழினியை ஒரு சங்கின் மேல் உட்காரவைத்திருந்தாய். உன் படம் என் படத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிது. "அதான் மொறை, மச்சான். நான் இன்னா பண்றது" என்று ரொம்ப வருத்தமாகச் சொன்னாய். முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான் உன் தங்கையோடு ஊருக்கு வந்தபோது நீ கடையில் இல்லை. கம்மல் வாங்கச் செங்கல்பட்டு போயிருந்தாய். ஸ்டெல்லா தேநீர் குடிக்கப் போயிருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்த நான், எனக்கென்று போட்டு வைத்திருந்த கணக்கில் நுழைந்து உன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். டெஸ்டிங்கிலிருந்து நீ டிசைன் சாஃப்ட்வேர் மட்டும் எடுக்கவில்லை. மழை பெய்கிற ஸ்கிரீன், பூனை நடக்கிற கடிகாரம், என்னென்னவோ எடுத்து வைத்திருந்தாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்டேபிளுக்கு இன்னும் அழுத்தமாக எண் போட வேண்டும் என்று தோன்றியது. தொள்ளாயிரத்தை அழித்து ஆயிரத்து ஒன்று போட்டேன்.

கையேட்டில் இது தெளிவாக எழுதியிருக்கிறது, மச்சான். ஆயிரத்துக்குள் எந்த எண் போட்டாலும், ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட புதியதைப் பழையது வெளியே தள்ளாது. ஆயிரத்தைத் தாண்டினால் தள்ளும். புதியது எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழையதைக் கொண்டுவந்து வைக்கும். நான் இதைப் பலருக்குப் பாடம் எடுத்தவன். அன்றைக்கு என் மூளையில் ஓடியது ஒன்றுதான்: எண் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிதாக இருக்கும். அப்கிரேட் கொடுத்தேன். நீளமாக ஒரு பட்டியல் வந்தது. வெளியே ஆட்டோவில் இருந்து உன் தங்கை, "இன்னாங்க, கொயந்த அழுவுது" என்று கத்தினாள். ஒய் அடித்தேன். அந்த மஞ்சள் ஸ்டிக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் அடித்தேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் போன் வந்தது.

"மச்சான், யாழினி ஃபைலு தொறக்க மாட்டேங்குது. இது புது வெர்சன்ல செஞ்ச ஃபைலு, ஒன்னாண்ட தொறக்கத் துப்பில்லன்னு சொல்லுது. சாஃப்ட்வேரப் பாத்தா பழசு நின்னுகினு கீது. பூனய கூட காணம்!"

எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. வாய் தானாக ஒன்றைச் சொன்னது: "நீ எதுனா அப்டேட் பண்ணியா?"

நீ கொஞ்சம் தயங்கினாய். "வியாழக்கெயம ஒரு ஃபாண்டு ஏத்துனேன்."

"அதான்! எத்தினி தபா சொல்றது, படிச்சிட்டு அடின்னு?"

இந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

புதுப் பதிப்பை மறுபடி இறக்கியிருந்தால் ஒரு மணி நேர வேலைதான். அன்று பார்த்துக் கடைத்தெருவில் பள்ளம் தோண்டி இணையக் கேபிளை வெட்டிவிட்டார்கள். கடப்பாக்கத்தில் கோயில் வேலையில் மாட்டிக்கொண்டிருந்த நான் போனிலேயே வழி சொன்னேன். நீ செல்போன் இணையத்தில் இழுத்தாய்; அது நூற்றுக்கு மூன்று வந்து நின்றது, ஏழு வந்து நின்றது, பிறகு மொத்தமாக நின்றது. முகூர்த்த நாள் என்பதால் வேறு எந்தக் கடையிலும் உனக்கு இடமில்லை. சாயங்காலம் வரை போராடிவிட்டு, பழைய சாஃப்ட்வேரில் திறக்கிற பழைய டிசைன் எது இருந்தாலும் சரி, அதில் குழந்தையின் படத்தைப் பொருத்தி அடிப்பது என்று முடிவெடுத்தாய். பழைய வடிவத்தில் உன்னிடம் மிச்சமிருந்தது ஒரே வகைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் பேனர் ஏறியது. ஊதா நிற மேகங்கள். இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு. நடுவில் வட்டத்துக்குள் என் மகள் பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். இடப்பக்கம் 'தோற்றம்' என்று அவளுடைய பிறந்த தேதி. வலப்பக்கம் 'மறைவு' இருந்த இடத்தில் 'காது குத்து' என்று மாற்றி அன்றைய தேதியைப் போட்டிருந்தாய். அதுவரைக்கும் கூடச் சமாளித்திருக்கலாம். உன் பெரியப்பா, அதாவது எனக்குப் பெரிய மாமா, ஏகாம்பரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்.

"என்றும் துயரில் வாடும் தாய்மாமன் மற்றும் குடும்பத்தினர்."

மேளக்காரர் நிறுத்திவிட்டார்.

"டேய்! இன்னாடா இது? கொயந்திக்கி காது குத்துறியா, காரியம் பண்றியா?"

"அவசரத்துல அந்த வரி வுட்டுப் பூட்ச்சி பெரிப்பா..."

"வாழ்த்த சொன்னா வாடிகினு கீறியேடா! எறக்குடா மொதல்ல!"

எல்லோரும் சேர்ந்து பேனரை இறக்கிச் சுருட்டிக் கோயில் பின்பக்கம் போட்டார்கள். அதில் ஒரு ஆடு படுத்துக்கொண்டது. நீ புது வேட்டி சட்டையில், கையில் கம்மல் பெட்டியோடு நின்றாய். அவ்வளவு கூட்டத்தில் என்னைத்தான் பார்த்தாய். அப்போதே நான் ஒரு அடி முன்னால் வந்து "நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து செருப்பைத் தேடினேன். கோயிலுக்குள் செருப்பே போட்டிருக்கவில்லை. பிறகு யாழினி உன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி பட்டதும் உன் மூக்கைப் பிடித்துத் திருகினாள். நீ அழுதாய். வலியில் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அது குடும்பக் கதையாகிவிட்டது. எந்த விசேஷமானாலும் சாப்பாட்டுப் பந்தியில் யாராவது ஆரம்பிப்பார்கள்: "புதுசு புதுசுன்னு ஏத்தி மருமவ பேனரையே முழுங்குனவன் நம்ம ஆளு." உன் கடைக்குப் பேனர் கொடுக்க வருகிற உறவினர்கள் கையைக் கூப்பி, "வாடாம அடிச்சிக் குடுப்பா" என்பார்கள். நீ சிரிப்பாய். நானும் சிரிப்பேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம், சில நேரம் உனக்குப் புத்தி வேறு சொன்னேன். கலவை என்றால் பொறுப்பு வேண்டும், அளவு தெரிய வேண்டும் என்று. உன் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். அவள் அண்ணனுக்காக வருந்துகிறாள் என்று நினைத்தேன்.

போன ஆடியில் ஒரு காலை, கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது. நான் நாவலூரிலிருந்து வந்து சேர்ந்தபோது ஷட்டர் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் அதை ஏற்றவும் தோன்றவில்லை, இறக்கவும் தோன்றவில்லை. எனக்குச் சண்டை போட வேறு மச்சான் கிடையாது. அன்றைக்கு அதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்திலும் அந்தக் கதை வந்தது. பெரிய மாமா அழுதுகொண்டே சொன்னார்: "கொயந்தி காது குத்துக்கு துயரில் வாடும்னு போட்டான்யா... இன்னிக்கி மெய்யாலுமே வாட வுட்டுட்டான்." எல்லோரும் அழுதபடியே சிரித்தார்கள். நீ செய்யாத தப்பு உன் பேரில் நிலைத்து நிற்கிறது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் உன்னை நினைக்கிறார்கள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

இனி போன மாதத்துச் சனிக்கிழமைக்கு வருகிறேன். விசிறியைத் துடைத்து, மூடியை மாட்டி, கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். புது ஸ்டேபிளுக்கு மாற்றுவதற்கு முன்னால் கலவைக் கோப்பைப் பார்க்க வேண்டுமே. திறந்தேன். ஸ்டேபிளுக்குத் தொள்ளாயிரம், டெஸ்டிங்குக்கு நூறு, எல்லாம் சரியாக இருந்தது. அதற்கு மேலே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத குறிப்பு வரிகளாக, நீ தமிழில் எழுதி வைத்திருந்தாய்:

"ஸ்டெல்லாவுக்கு: இங்க 1001 போட்டது மச்சான். ஹிஸ்ட்ரி ஃபைல்ல அவன் பேரு, டைமு எல்லாம் கீது. 900க்கு மாத்திட்டேன், இனிமே ஆயிரம் தாண்டக் கூடாது. அவனாண்ட கேக்காத. பேஜாராய்டுவான்."

யார், எத்தனை மணிக்கு, என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று பேக்கேஜ் மேனேஜர் எழுதி வைத்துக்கொள்வான். எந்தச் சர்வரில் எது கெட்டாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். நீ அதைத் திறந்து படிப்பாய் என்று மட்டும் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. உன்னை அவ்வளவு குறைத்து எடைபோட்டிருந்தேன்.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் தங்கை வந்து என் தோளுக்கு மேலாகப் படித்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அந்தத் திங்கக்கெயமயே அண்ணன் சொல்ட்ச்சி. 'உன் வூட்டுக்காரன்தாம்மா பண்ணிகீறான். கேக்காத, கம்பேனில பெரிய ஆளுன்னு சொல்லிகினு கீறான். என் பேரு கெட்டா பரவால்ல, அவன் பேரு கெட வாணாம்'னு."

"ஒன்பது வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அண்ணனுக்கு புத்தி சொல்றப்போல்லாம் எனக்கு சிரிப்பு அடக்கறதே பெரும்பாடு. சோத்துல மூஞ்ச வச்சிகினு உக்காந்திருப்பேன், பாத்ததில்ல?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். நானும்தான். எவ்வளவு பெரிய மனசு மச்சான் உனக்கு. அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு வழி வைக்காமல் போய்விட்டாயே.

அதற்கு அடுத்த ஞாயிறு கடப்பாக்கத்தில் உன் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. போகும்போதே முடிவு செய்துவிட்டேன். பந்தியில் யாரோ கதையை ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதிகம் காக்க வேண்டியிருக்கவில்லை; சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். நான் இலையை விட்டு எழுந்து நின்றேன்.

"அந்த பேனரக் கெடுத்தது மச்சான் இல்ல. நான்தான். ஆயிரத்து ஒண்ணுன்னு தப்பா ஒரு நம்பரு போட்டு, பட்டியலப் படிக்காம ஒய் அடிச்சிட்டேன். அவன்மேல பழியப் போட்டுட்டு ஒம்போது வர்சம் சும்மா இருந்தேன்."

பெரிய மாமா சோற்றுக் கையோடு என்னை அண்ணாந்து பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"பாத்தீங்களாய்யா இவுரு மனச? செத்தவன் பழியத் தூக்கி தன் தலைல வச்சிக்கிறாரு. இந்த மாரி மாப்ள யாருக்குக் கெடைக்கும்?"

"இல்ல மாமா, மெய்யாலுமே நான்தான்..."

"போதும் மாப்ள, உக்காருங்க. கம்பூட்டர்லயே பொறண்டவரு நீங்க, நீங்க தப்பு பண்ணுவீங்களா? இன்னா நம்பரு அது, ஆயிரத்து ஒண்ணா? மொய் எய்தற நம்பரு மாப்ள, அதுலல்லாம் கம்பூட்டரு கெடுமா? அவன் என் கொயந்தி, அவன எனக்குத் தெரியாதா? ஏம்பா, மாப்ளக்கி இன்னொரு வட வையி."

வடை வைத்தார்கள். ஹிஸ்ட்ரி கோப்பைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஸ்ல கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் தங்கையிடம் கண்ணால் உதவி கேட்டேன். அவள் பழையபடி சோற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஆக, தப்பு செய்ததற்கு ஒன்பது வருடம் நல்ல பெயர் வாங்கினேன். ஒப்புக்கொண்டதற்கு அதைவிட நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தப் பாரத்தை இறக்கி வைக்க எனக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை, மச்சான். நாவலூரில் இப்போது எந்தப் பட்டியலையும் இரண்டு தடவை படித்த பிறகே ஒய் அடிக்கிறேன். யாராவது ஒரு சர்வரைக் கெடுத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து விழித்தால், உடனே எனக்குக் கோயில் வாசலில் கம்மல் பெட்டியோடு நின்ற நீதான் தெரிகிறாய். என்ன பேச வந்தேன் என்பதே மறந்துபோகிறது.

கம்ப்யூட்டரைப் புது ஸ்டேபிளுக்கு மாற்றிவிட்டேன். பிரிண்டர் கொஞ்சம் முரண்டு பிடித்து வழிக்கு வந்துவிட்டது. உன் பூனைக் கடிகாரத்தை டெஸ்டிங்கிலிருந்து பெயர் சொல்லிக் கேட்டு எடுத்து வைத்திருக்கிறேன். கலவை கலையவில்லை. முந்தாநாள் ஸ்டெல்லாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நீ எழுதிய வரிகளை அப்படியே விட்டு, அதற்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:

"மச்சான் எழுதியது உண்மை. 1001 போட்டது நான்தான். என்னிடம் கேட்கலாம், பேஜாராக மாட்டேன்."

ஸ்டெல்லா அதைப் படித்தாள். படித்துவிட்டு, "சார், டீ சொல்லட்டா?" என்றுதான் கேட்டாள்.